கையில் இருக்கும் தொழிலுக்கு ஒரு கடதாசி

(மீள்குடியேறிய கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில், இளைஞர் யுவதிகளுக்கான தொழில் வழிகாட்டல் சந்திப்பில் ஆற்றிய உரை)



மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் கிடைக்காமல் இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் உங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள். அந்தக் கைப்பழக்கம் உங்களில் பலருக்கும் வந்திருக்கிறது. புதிய வீடுகளுக்கு வயரிங் செய்கிறீர்கள். எரிந்துபோன தண்ணீர்ப் பம்ப் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறீர்கள். ஆனால் ஒரு கொம்பனியில் "உங்கள் தகைமை என்ன?" என்று கேட்டால் காட்டுவதற்குக் கடதாசி இல்லை. தொழில் தெரிந்தும் உதவியாளுக்குரிய சம்பளம்தான் கிடைக்கிறது. அந்தக் கடதாசியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அதன் பெயர் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். 1 முதல் 7 வரை ஏழு மட்டங்கள் உண்டு. நான்காம் மட்டம் என்றால், இவர் தனியாக நின்று முழு வேலையையும் செய்யக்கூடியவர் என்று பொருள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. தொழில்நுட்பவியலாளர் என்ற பெயர் அங்கேதான் வருகிறது. ஏழாவது பட்டத்துக்குச் சமம். சாதாரண தரத்தில் கணிதம் சரிவரவில்லை என்று வீட்டில் இருப்பவர்கள் இந்த ஏணியைக் கொஞ்சம் கவனியுங்கள். கீழ்ப்படியில் கால் வைத்தும் மேலே போகலாம்.

வயரிங் செய்பவருக்கும் தொழில்நுட்பவியலாளருக்கும் என்ன வித்தியாசம்? நான் கலைப் பட்டதாரி; எனக்கே இது பிந்தித்தான் விளங்கியது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜெனரேற்றர் வைத்திருக்கும் கடை ஒன்றுக்கு இப்போது லைன் மின்சார இணைப்பும் வருகிறது. மாற்றுச் சுவிட்ச் போடாமல் இரண்டையும் ஒரே வயரில் கொடுத்தாலும் கடையில் பல்ப் எரியும், கடைக்காரருக்கும் திருப்திதான். ஆனால் லைனில் கரண்ட் நின்ற நேரம் ஜெனரேற்றரை இயக்கினால், அந்த 230 வோல்ட்டு வெளியே போய், மின்மாற்றிக்குள் தலைகீழாகப் புகுந்து, மறுபக்கம் பல்லாயிரம் வோல்ட்டாக ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியர் அங்கே நிற்பார். பல்ப் எரிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது ஒரு விதம். இணைப்பு எங்கெல்லாம் போகிறது என்று வரைபடத்தில் பார்த்து, மீற்றரால் அளந்து, ஏத் கம்பி நிலத்தில் சரியாகப் பிடிக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் உரிய நேரத்தில் விழுகிறதா என்று சோதித்த பிறகே கையெழுத்து வைப்பது இன்னொரு விதம். படிக்கப் போவது இந்த இரண்டாவதைத்தான்.

மேசன் வேலைக்கு உதவியாளாகப் போனால் இன்று பின்னேரமே காசு கைக்கு வரும். வகுப்புக்குப் போனால் வராது. வீட்டில் உலை வைக்க வேண்டிய பொறுப்பு உங்களில் சிலருடையது என்பது எனக்குத் தெரியும். அதனால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் படியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். புதிதாகத் தொடங்குபவர்கள் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ விசாரியுங்கள். பயிலுனராகச் சேர்ந்து வேலைத்தளத்திலேயே பழகும் வழியும் உண்டு. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: முன்கற்றலை அங்கீகரித்தல். முழுப் பாடநெறியையும் இருந்து படிக்கத் தேவையில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும்.

தங்கச்சிமாரே, இதில் ஆண்களுக்கு மட்டும் என்று எதுவும் எழுதப்படவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதற்கும், பலகையில் இணைப்புக் கொடுப்பதற்கும் தேவை பொறுமையும் நிதானமும்தான்.

இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்திருந்தால் அதற்காகத் தயங்கி நிற்காதீர்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களத்திலும் விண்ணப்பிக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் கிராம அலுவலரிடம் கேளுங்கள். தொழில் தெரிந்தவர்கள் இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து, இதுவரை யார் யார் வீட்டுக்கு என்ன வேலை செய்தீர்கள், எந்த மாதம் என்று எழுதத் தொடங்குங்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் ஒரு சிறு கடிதமும் வாங்கி வையுங்கள். மதிப்பீட்டாளர் கேட்கும்போது முதலில் நீட்ட வேண்டியது அந்தக் கொப்பிதான்.