விடுபட்ட ஒரு வரி

ராமானுஜன் பெயரைச் சொன்னவுடனே 1729 என்றும், வாடகைக் கார் என்றும், ஹார்டி அவரைப் பார்க்க வந்த கதை என்றும் தொடங்கிவிடுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. அதைத் தாண்டி வருபவர்களோ, 2024-இல் கண்டுபிடிக்கப்பட்ட, நாலு கோடியே பத்து லட்சம் இலக்கங்களுக்கு மேல் நீளும் பகா எண்ணின் பிரம்மாண்டத்தில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். முப்பது வருஷம் கரும்பலகையோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் இடங்கொடாத பகா எண்ணைவிட, தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் வாய்க்காத அளவு காரணிகளைத் தாங்கி நிற்கும் உயர் பகு எண்ணே எனக்குப் பிரியமானது.

அந்த ஜாதி எண்களைப் பற்றித்தான், கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில், 1915-இல் ராமானுஜன் தமது நெடிய கட்டுரையை வெளியிட்டார். அவற்றின் லட்சணத்தை அவர் நிரூபித்தார்: பகா எண்கள் இரண்டு, மூன்று, ஐந்து என்று இடைவிடாமல் வரிசையாக வரவேண்டும், அவற்றின் அடுக்குகள் போகப்போகக் குறையலாம், ஏறக்கூடாது. மறுபடியும் சொல்கிறேன், குறையலாம், ஏறக்கூடாது. கடைசி அடுக்கு ஒன்றாகவே இருக்கும். 4, 36 என்ற இரண்டு மட்டுமே விதிவிலக்கு.

கணினி பிறவாத அக்காலத்தில், 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரை அவர் அந்த எண்களைப் பட்டியலிட்டார். அத்தனை நீண்ட பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பட்டியலின் கடைசி எண்ணை இருபத்து மூன்றால் வகுத்தால் மிச்சமின்றிக் கிடைப்பது இதுவே என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இதைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டுக்கு ஆறு அடுக்கு, மூன்றுக்கு நாலு, ஐந்துக்கும் ஏழுக்கும் இரண்டிரண்டு, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை வந்துவிடும்: ஏழு, ஐந்து, மூன்று, மூன்று, பிறகு நான்கு இரண்டுகள். பெருக்கினால் 5040.

ஒரு முறை வகுப்பில் இதைப் போட்டுக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, “அப்போ அந்த 5040-க்கு எத்தனை காரணி, சார்?” என்றாள். அறுபது என்றேன். அவள் விடவில்லை. அறுபதுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்கு ஆறு, ஆறுக்கு நாலு. எல்லாமே உயர் பகு எண்கள்! மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ராமானுஜன் பட்டியலை நான் கைப்பட எழுதிவைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில், 195545750400-க்கும் 321253732800-க்கும் நடுவே, விடுபட்ட அந்த வரியைச் சிவப்பு மையால் சேர்த்திருக்கிறேன்; பக்கத்தில், அந்தப் பெண் சொல்லச் சொல்ல நான் எழுதிய 5040, 60, 12, 6, 4 இருக்கின்றன.