பிடியரிசியும் பஸ் காசும்

(நூற்றாண்டு விழா நன்றி ஆராதனையைத் தொடர்ந்து நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



செயற்குழு எனக்குத் தந்த தலைப்பு "குறைந்த செலவில் விசுவாசத்தைப் பகிர்தல்". செயலாளர் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "டொக்டர், சிக்கனமாக எப்படி ஊழியம் செய்யலாம் என்று நாலு வழி சொன்னால் போதும்" என்றார். அவர் ஏன் கேட்டார் என்பது விளங்குகிறது. 2022 இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாங்கள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். தாள் விலை, அச்சுக் கூலி, வான் வாடகை எல்லாம் ஏறிவிட்டன. கிராமத்து ஓய்வுநாட் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதே போதகர்களுக்குப் பெரும்பாடு.

ஆனால், என்னிடம் நாலு வழி இல்லை. ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருக்கிறது. விசுவாசத்தைப் பகிர்வதற்குக் காசு குறைவாக இருப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. காசு கூடும்போதுதான் பயம் வருகிறது.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களிற் பலர் சைவர்கள். எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். காலைக் கூட்டத்தில் ஞானப்பாட்டை எங்களைவிடச் சத்தமாகப் பாடியவர்களும் அவர்கள்தான். அவர்கள் தயவுசெய்து எழும்பிப் போய்விட வேண்டாம். அவர்களுக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு.

1816 இல் அமெரிக்க மிஷனாரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். நமது பாடசாலையின் வேரும் அங்கேதான். அவர்களுடைய விடுதிப் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு நன்கொடையாளர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கலாம். நல்ல மனத்தோடு கொடுத்த காசுதான், மறுக்கவில்லை. அவர்கள் திறந்த பள்ளி இல்லாவிட்டால் நான் இன்று இந்த ஒலிவாங்கியின் முன் நிற்கவும் மாட்டேன். ஆனாலும், தாய் தகப்பன் வைத்த பெயருக்கு மேல் ஒரு பெயர், முகம் தெரியாத ஒருவருடைய காசுக்காக வந்து ஏறுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. மற்றவர் விசுவநாதபிள்ளை. கறோல் விசுவநாதபிள்ளை என்றே அவரை இன்றும் சொல்கிறோம். இருவரும் பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் இதைக் கசப்போடு சொல்லவில்லை. தாமோதரம்பிள்ளை பதிப்பித்த கலித்தொகையும் தொல்காப்பிய உரைகளும் நமக்கெல்லாம் சொத்து.

1837 இல் அமெரிக்காவிற் பெரும் பண நெருக்கடி வந்தது. அங்கே வங்கிகள் முறிய, இங்கே நூற்றுக்கு மேற்பட்ட கிராமப் பள்ளிகள் மூடப்பட்டன. எங்கோ ஒரு நாட்டில் கடன் சுருங்க, இங்கே திண்ணையில் மண்ணில் எழுதிப் படித்த பிள்ளை வீட்டுக்குப் போனது. அடுத்தவர் காசில் நிற்கும் ஊழியத்துக்கு இப்படியும் ஒரு முடிவு உண்டு.

இனி, ஒரே ஆண்டிற் பிறந்த இருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இருவரும் 1822 இல் பிறந்தவர்கள். ஒருவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் இங்கே வந்து மானிப்பாயில் இருந்து வைத்தியம் செய்தவர். எங்கள் தொழிலுக்கு இந்த மண்ணில் அவரும் ஒரு மூத்தவர். முதலில் ஆங்கிலத்திலேயே மாணவருக்கு வைத்தியம் படிப்பித்தார். படித்தவர்கள் நல்ல சம்பளத்துக்காக வெளியிடங்களுக்கு அரசாங்க வேலைக்குப் போனார்கள். (இன்றைக்கும் நடப்பது இதுதான், விமானத்தில் போகிறோம் என்பதே வித்தியாசம்.) 1860களில் அவர் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். தமிழில் படித்தவன் கிராமத்தில் தங்குவான், ஊர்ச் சனம் கொடுக்கக்கூடிய கூலியிற் சீவிப்பான் என்பது அவருடைய கணக்கு. அதற்காக உடற்கூறும் இரணவைத்தியமும் தமிழாகின. பெரிய ஆஸ்பத்திரி கட்டக் காசு சேர்ப்பதைவிட, ஊரிலே தங்கக்கூடிய ஆளை உருவாக்குவதிலேதான் அவர் தன் ஆயுளைச் செலவழித்தார். தமிழருக்கு மருத்துவ சுவிசேஷகர் என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னவர் அவர்.

மற்றவர் ஆறுமுக நாவலர். நீங்கள் சிரிப்பது தெரிகிறது! பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியிற் படித்து, அங்கேயே படிப்பித்து, வேதாகமத்தைத் தமிழில் திருத்தி அமைக்க அவருக்குத் துணை நின்றவர் நாவலர். மிஷனின் நம்பிக்கையும் சம்பளமும் கையில் இருந்தன. இருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். 1847 டிசம்பர் 31 ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டு பள்ளி தொடங்கினார். அதற்குப் பின் அச்சகம். பிரசங்கம், பள்ளி, அச்சகம் மூன்றும் அவர் மிஷனிடம் கண்டு கற்ற வழிகள். பொஸ்ரனில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஒரு சதமும் வராமல் அதைச் செய்தார். குறைந்த செலவில் ஒரு சமயத்தைப் பகிர்வது எப்படி என்று யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது கேட்க வேண்டுமானால், கிறிஸ்தவளாகிய நான் முதலில் நாவலரிடந்தான் போவேன். அவர் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததையும் நான் பெரிதாக மதிக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல முடிகிற ஒருவரிடத்தில் மட்டுந்தான் விசுவாசத்தைப் பகிரலாம் என்பது என் எண்ணம்.

நமது திருச்சபை தன் சொந்தக் காசில் நடந்த கதையும் உண்டு. 1900 இல் யாழ்ப்பாணக் கல்லூரி மாணவர்கள் ஒரு மிஷன் சங்கம் தொடங்கி, கடலுக்கு அப்பால் தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1902 இல் இங்கே வந்த வேதநாயகம் அசரியா அதைக் கண்டு, யாழ்ப்பாணத்தாரால் முடிந்தது நமக்கு ஏன் முடியாது என்ற எண்ணத்தோடு திரும்பினார். அடுத்த ஆண்டு திருநெல்வேலியிலே இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியக் காசு, இந்திய நிர்வாகம். அசரியா பின்னாளில் தோர்ணக்கல்லில் பேராயராக இருந்தபோது, மிக ஏழைகளான பெண்கள் உலை வைக்கும் போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்தார்கள். பிடியரிசி நமக்குப் புதிதல்ல. கோயிலுக்கும் கொடுத்தோம், சபைக்கும் கொடுத்தோம். அந்த ஒரு பிடியைக் கொடுத்தவளுக்குச் சபை தன்னுடையது என்று தெரியும். சபைக்கும் அவளுடைய முகம் தெரியும்.

இதற்கு மறுபக்கத்தை நான் கண்ணாற் கண்டது சுனாமிக்குப் பிறகு. அப்போது நான் வைத்திய மாணவி. ஒரு முகாமில் உதவிக்குப் போயிருந்தோம். ஒரு குழு வந்து இறங்கியது. எந்தக் குழு என்று சொல்லப் போவதில்லை. அரிசி, பருப்பு, சவர்க்காரம் இருந்த பைக்குள் ஒரு துண்டுப் பிரசுரம். பை வாங்க முதல் ஒரு சிறு ஜெபக் கூட்டம். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய், நெற்றியில் விபூதியோடு, கையை நீட்டியபடி ஜெபம் முடியும்வரை நின்றா. அந்தப் பெண்ணால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அந்த ஆண்டின் நடுப்பகுதியிலேதான் மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாட்டில் பெரும் வாதமாகியிருந்தது. அந்தச் சட்டமூலத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால், அந்தப் பையைப் பார்த்த பிறகு, அப்படிச் சட்டம் கேட்டவர்கள் எல்லோரையும் வெறுப்பாளர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வைத்தியசாலையில் எங்களுக்கும் அந்தப் பையைப் போன்ற ஒன்று கையில் இருக்கிறது. நான் கோட்டோடு கட்டிலருகே நின்று "ஜெபிக்கட்டுமா அம்மா?" என்று கேட்டால், எந்த நோயாளி வேண்டாம் என்பார்? நாளைக்கு மருந்து எழுதப் போவதும் நான்தானே. ஆகவே, நானாகக் கேட்பதில்லை. அவர்களாகக் கேட்டால், கடமை முடிந்து கோட்டைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் இருப்பேன்.

எங்கள் விடுதிக்குப் புதன்கிழமைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். மேற்றனின் அனுமதியோடுதான். பஸ்ஸில் வருவார். பையில் ஒரு சீப்பு, ஒரு சிறு போத்தல் தேங்காய் எண்ணெய், நகவெட்டி, ஒரு பழைய வாசிப்புக் கண்ணாடி. பார்க்க ஆள் வராத பெண்களின் தலையை வாரிப் பின்னிவிடுவார். மூன்று கிழமை படுக்கையிற் கிடந்து சிக்குப் பிடித்த தலையை நோகாமல் வாருவது எவ்வளவு நேர வேலை என்று தாதியருக்குத் தெரியும். அவர்களுக்கு அதற்கு நேரமில்லை. அவர் சமயம் கதைப்பதில்லை. ஆனால், இரண்டாம் மூன்றாம் கிழமையில் எப்படியும் ஒருவர் கேட்பார், "ரீச்சர், நீங்கள் ஏன் வாறீங்கள்?" அப்போது இரண்டு வசனத்தில் பதில் சொல்வார், இயேசுவின் பெயரையும் சொல்வார், அதற்கு மேல் கேட்டால்தான் மேலே போவார். ஒருமுறை பார்வை மங்கிய ஒரு ஆச்சி, தேவாரம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டா. ரீச்சர் பக்கத்துக் கட்டிலில் புத்தகம் இரவல் வாங்கி வாசித்தார். இது என்ன ஊழியம் என்று சில போதகர்கள் கேட்கக்கூடும். ஆச்சி கடைசி நாட்களில் மகளைக்கூடத் தேடவில்லை, ரீச்சர் வந்துவிட்டாவா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தா. இதற்கு ஆன செலவு பஸ் காசும் எண்ணெயும்.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். நூற்றாண்டு நிதிக்கு வெளிநாட்டுக் கிளைகள் தாராளமாக அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஒரு பகுதி "நற்செய்திப் பணிக்கு" என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆலயத்துக்குப் பெரிய திரையும் ஒலித் தொகுதியும் வாங்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. நான் அதற்கு எதிர். போன அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் கனடாவில் இருந்து தொலைபேசியில் கேட்டவருக்குப் போனது. கேட்ட விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சபைக்கு நல்ல வருமானம், நன்றி. ஆனால், வழமையாக ஐந்நூறு ரூபாவுக்குக் கேட்கும் எங்கள் தோட்டக்கார அம்மா இந்த முறை வாயே திறக்கவில்லை. அந்தப் பூசணிக்காய் அவவின் தோட்டத்துக் காய். திரை வந்தாலும் அப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறேன். காட்டுகிற ஒருவர், பார்க்கிற பலர்.

அந்த நிதியில் மிகச் சிறிய பங்கு போதும். பஸ் காசுக்கும், மழை நாளில் முச்சக்கர வண்டிக்கும், எண்ணெய்க்கும். மிச்சத்தை நூலகத்துக்குக் கொடுங்கள், சைவப் பிள்ளைக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் சேர்த்து. வெளிநாட்டுச் சகோதரிகளிடம் காசைவிட எனக்கு வேண்டியது வேறு. விடுமுறைக்கு வரும்போது கலியாண வீடுகளுக்கு இடையில் ஒரு புதன்கிழமையை ஒதுக்கித் தாருங்கள். மேற்றனுடன் நான் கதைக்கிறேன். வர முடியாதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே சீவிக்கும் எங்கள் பழைய ஆசிரியை ஒருவருக்குக் கிழமைக்கு ஒருமுறை போன் எடுங்கள். அவர்கள் கதைப்பதைக் கேளுங்கள். நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள்.

மண்டப வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். புதன்கிழமைக்கு ரீச்சரோடு சேர்த்து மூன்று பேர் இருக்கிறோம். சனிக்கிழமைக்கு இன்னும் ஒருவரும் இல்லை. சைவச் சகோதரிகளும் பெயர் எழுதலாம், தேவாரப் புத்தகம் கொண்டு வந்தால் இரவல் வாங்க வேண்டியதில்லை. பேனை கட்டித்தான் இருக்கிறது, தயவுசெய்து கழற்றிக்கொண்டு போக வேண்டாம்.