சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ்

கட்சி மனிதர்க்குத் தம் கட்சியின் குற்றம் கண்ணிற்படாது என்பர். அதற்கு விலக்காக வாழ்ந்த அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரைப் பற்றி மாணவ நண்பர்களுக்கு இன்று எடுத்துக் கூற விரும்புகிறேன்.

சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் 1862-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 1905-இல் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளின் நடவடிக்கைகளை ஆராய அம்மாநிலச் சட்டசபை ஒரு குழுவை அமைத்தது. குழுவின் வழக்கறிஞரான ஹியூஸ், பாலிசிதாரர்களின் பணம் தேர்தல் நிதிக்குச் சென்றதை வெளிப்படுத்தினார். அதைப் பெற்றதோ அவர் சார்ந்த குடியரசுக் கட்சி! விசாரணையின் நடுவிலேயே அக்கட்சி அவரை நியூயார்க் நகர மேயர் பதவிக்கு நிறுத்த முன்வந்தது. விசாரணையின் நடுநிலைமைக்குப் பங்கம் நேரும் என்று கருதி அவர் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டில், பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டைத் தோற்கடித்து, மாநில கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1910-இல் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். ஆயுட்காலம் முழுதும் வகிக்கக்கூடிய அப்பதவியை 1916-இல் துறந்து, ஜனாதிபதித் தேர்தலில் உட்ரோ வில்சனை எதிர்த்து நின்றார். கலிபோர்னியாவில் அவர் இழந்தது 4,000-க்கும் குறைவான வாக்குகளே. அம்மாநிலம் கிடைத்திருந்தால் அவரே ஜனாதிபதி.

தோல்விக்குப் பின் மீண்டும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். ஆனால் அவருடைய பெருமையை நான் காண்பது அதன் பின்னரே. முதல் உலகப் போரை அடுத்து அந்நாட்டில் சோஷலிஸ்டுகள் மீது அச்சமும் வெறுப்பும் மூண்டன. 1920-இல் நியூயார்க் சட்டசபை, மக்கள் முறைப்படி தேர்ந்தெடுத்த ஐந்து சோஷலிஸ்ட் உறுப்பினர்களை வெளியேற்ற முற்பட்டது. அவர்களுடைய கொள்கை ஹியூஸுக்கு உடன்பாடன்று. எனினும், மக்கள் அளித்த இடத்தைக் கொள்கை வேறுபாட்டுக்காகப் பறிக்கலாகாது என்று தம் கட்சியினரே பெரும்பான்மையாக இருந்த சபையை அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். சபை செவிசாய்க்கவில்லை, ஐவரும் வெளியேற்றப்பட்டனர். ஆயினும் அவர் குரல் வீணாகவில்லை. நாட்டின் வழக்கறிஞர் பலர் அவர் பக்கம் நின்றனர்.

1921 முதல் 1925 வரை வெளிநாட்டு மந்திரியாக இருந்த அவர், 1930-இல் தலைமை நீதிபதியானார். மறு ஆண்டிலேயே ஒரு சோதனை வந்தது. மின்னஸோட்டா மாநிலத்தில், அவதூறு நிறைந்த ஒரு பத்திரிகையை வெளிவராமற் செய்யக் கோர்ட்டு தடை விதித்திருந்தது. நீதிபதிகளில் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹியூஸ். அவதூறு எழுதினால் பின்னர் வழக்குத் தொடரலாம். அச்சாகும் முன்பே வாயடைத்தல் தகாது என்பது அதன் சாரம்.

1941-இல் ஓய்வு பெற்று, 1948-இல் காலமானார்.

நண்பனுக்காக வாதாடுவது எளிது. நமக்கு வேண்டாதவனின் உரிமைக்காகவும் எழுந்து பேசுகிறோமா என்பதே, நாம் சட்டத்தை மதிக்கிறோமா என்பதற்கு உரைகல்.