ஆயாவோட மாத்திரைப் பை

இந்த எபிசோடை ஆரோவில் பக்கத்துல, குயிலாப்பாளையத்துல என் ரூம்ல இருந்து பேசுறேன். நடுவுல மயில் கத்தினா மன்னிச்சுக்கோங்க.

என்கூட ஸ்கூல்ல படிச்ச தோழி ஒருத்தி போன மாசம் இங்கிலாந்துல இருந்து லீவுல வந்திருந்தாள். சொந்த ஊர் மரக்காணம். இங்க பார்ம்.டி முடிச்சவள். 2008-ல இந்தியாவுல ஆரம்பிச்ச ஆறு வருஷப் படிப்பு அது. அஞ்சு வருஷம் காலேஜ், ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதை வச்சுக்கிட்டு நேரா இங்கிலாந்துல பார்மசிஸ்ட் ஆகிட முடியாது. ஓஎஸ்பிஏபின்னு ஒரு வருஷப் படிப்பு, அப்புறம் 52 வாரப் பயிற்சி, பதிவுத் தேர்வு. இவள் இப்போ அந்த 52 வாரத்துல இருக்கா, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில.

"அங்க புதுசா என்ன கத்துக்கிட்ட?"ன்னு கேட்டேன். ரோபோ, ஆட்டோமேஷன்னு ஏதாவது சொல்லுவான்னு நினைச்சேன். "கேள்வி கேட்கக் கத்துக்கிட்டேன்டா"ன்னு சொன்னா.

ஒருத்தர் அட்மிட் ஆனா, 24 மணி நேரத்துக்குள்ள அவர் வீட்டுல என்னென்ன மருந்து சாப்பிடுறார்ங்கிற முழுப் பட்டியலும் தயாராகணும். இது அங்க தேசிய வழிகாட்டுதல். அவர் கொண்டுவந்த மாத்திரைப் பையைப் பிரிச்சுப் பார்க்கணும், அவர்கிட்ட கேட்கணும், குடும்ப டாக்டரோட பதிவையும் சரிபார்க்கணும். அப்புறம் வார்டு சார்ட்டோட ஒப்பிடணும். நம்ம பாஷையில சொன்னா, இது கோட் ரிவ்யூ. எழுதினவர் எவ்வளவு பெரிய சீனியரா இருந்தாலும், இன்னொரு கண்ணு பார்க்காம எதுவும் உள்ளே போகாது.

ரெண்டாவது மாசம் ஒரு சார்ட்டுல மெத்தோட்ரெக்சேட் 'தினமும்'னு இருந்ததைப் பார்த்திருக்கா. முடக்குவாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒரு தடவைதான் கொடுக்கணும். தினமும் கொடுத்தா எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குறதே நின்னு போகலாம், உயிரே போகலாம். ஒருபோதும் நடக்கவே கூடாத தவறுகள்னு என்எச்எஸ் வச்சிருக்கிற பட்டியல்ல இதுவும் ஒண்ணு.

இவளுக்கு இது தெரியும். ஆனாலும் வாய் வரல. இங்க பயிற்சியில இருந்தப்போ ரவுண்ட்ஸ்ல கடைசி ஆளா, நோட்டோட நின்னு பழகினவள். 'டாக்டர்கிட்ட போய் நாம சொல்றதா?' அரை மணி நேரம் தயங்கிட்டு, கடைசியில போன் பண்ணினா. டாக்டர் "நன்றி"ன்னு சொல்லிட்டு மாத்தி எழுதிட்டார். அவ்வளவுதான். பிறகு அவளோட சீனியர் கேட்டாங்களாம்: "சரியாத்தான் பண்ணினே. ஆனா அரை மணி நேரம் எதுக்கு?"

இப்போ மரக்காணத்துக்கு வருவோம். அவளோட ஆயா உப்பளத்துல உப்பு வாருறவங்க. வயசு அறுபதைத் தாண்டியும் சீசன்ல வேலைக்குப் போறாங்க. லீவுல வந்த ரெண்டாம் நாள் இவள் ஆயாவோட மஞ்சப் பையைத் தரையில கொட்டியிருக்கா.

அதுல ரெண்டு பிரஷர் மாத்திரை அட்டை. ஒண்ணு ஊர்ல வாங்குறது, இன்னொண்ணு பாண்டிச்சேரியில வேற ஒரு டாக்டர் எழுதினது. அட்டையில பேர் வேற, உள்ளே இருக்கிற மருந்து ஒண்ணுதான்: அம்லோடிபின். ஆயா ரெண்டையும் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. டோஸ் கூடினா அம்லோடிபின் கால் வீக்கத்தைக் கொண்டுவரும். வீட்டுல எல்லாரும் நினைச்சது, 'உப்புத் தண்ணியில நின்னு நின்னு வீங்குது'ன்னு. அதுக்கு ஆயாவே கடையில கேட்டு வாங்கின மூணாவது அட்டை: டைக்ளோஃபெனாக்.

அந்த வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடம்புல தண்ணி இல்லாதப்போ ஆபத்து இன்னும் அதிகம். உப்பளத்துல ஒதுங்க இடம் இல்லைன்னு தண்ணியே குடிக்காம வேலை செய்யுற பொம்பளைங்க நிறைய. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பரிசோதிச்சு 2023-ல வெளியிட்ட ஆய்வுல, சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைஞ்சிருந்தது. வெயில் ஏற்கனவே தன் வேலையைக் காட்டுது. அதுக்கு மேல இந்த மாத்திரை.

இவள் எதையும் தானா நிறுத்தல. ஒரு தாள்ல எல்லா மருந்தையும், யார் கொடுத்தது, எப்போ சாப்பிடுறாங்கன்னு எழுதி, ஆயாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. அவர் ஒரு அம்லோடிபினையும் வலி மாத்திரையையும் நிறுத்திட்டு, கிரியாட்டினின் டெஸ்ட் எழுதினார். கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு. மறுபடியும் பார்க்கணும். கால் வீக்கம் ரெண்டு வாரத்துல வடிஞ்சிருச்சு. "ஏம்மா, இதுக்கா சீமைக்குப் போயி படிச்ச?"ன்னு ஆயா சிரிச்சாங்களாம்.

ஏர்போர்ட்டுக்குக் கிளம்புறப்போ கேட்டேன்: "பயிற்சி முடிஞ்சதும் இங்க வந்துருவியா?" "வர்றேன்டா. ஆனா வந்தா எந்த நாற்காலியில உட்காருவேன், சொல்லு. கவுன்டர்ல அட்டையைக் கத்தரிச்சுக் கொடுக்கவா?" எங்கிட்ட பதில் இல்ல. அவள் கத்துக்கிட்ட வேலைக்கு மெஷின் தேவையில்ல. ஒரு தாள், ஒரு பேனா, கேள்வி கேட்க உரிமை உள்ள ஒரு ஆள் போதும். அந்த ஆளுக்கு நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல ஒரு இடம் ஒதுக்கணும், அவ்வளவுதான்.

அதுவரைக்கும் நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கிற மாத்திரைப் பையைக் கொட்டுங்க. பிராண்டு பேரோட சேர்த்து அச்சடிச்சிருக்கிற மருந்துப் பேரைப் படிங்க. ஒரே பேர் ரெண்டு அட்டையில இருந்தா, நீங்களா நிறுத்தாதீங்க. எழுதி எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட கேளுங்க. அரை மணி நேரம் தயங்காதீங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.