சங்கு நின்றுபோன மில்கள்

புதுச்சேரிக்கு வர்றவங்க போட்டோ எடுக்கிற இடமெல்லாம் நமக்குத் தெரியும். மஞ்சள் சுவர், வெள்ளை பார்டர், காகிதப்பூ. ஆனா இந்த ஊரைச் சோறு போட்டு வளர்த்த ரோடியர், சவானா, கப்ளே மில் பக்கம் யாரும் கேமராவோட போறதில்லை. ரோடியர்தான் ஏ.எஃப்.டி., சவானா சுதேசி, கப்ளே பாரதி. ஊரே அந்த மில் சங்கைக் கேட்டு கடிகாரம் திருப்பின காலம் உண்டு.

1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மேல பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் இறந்தாங்க. அந்தப் போராட்டத்துக்குப் பின்னாலதான் இங்கே 8 மணி நேர வேலை சட்டமாச்சு. வ. சுப்பையா பெயரோட சேர்ந்து நிக்கிற சரித்திரம் இது. இது பாரம்பரியம் இல்லேன்னா எது பாரம்பரியம்?

சிக்கல் என்னன்னா, நம்ம பாதுகாப்பு முறை வீட்டு முகப்பைப் பார்த்துப் பழகினது. வைசியாள் வீதியை எடுத்துக்கங்க. அதெல்லாம் தனியார் வீடுகள். இன்டாக் அமைப்பு வீட்டுக்காரங்களோட பேசி, செலவைப் பகிர்ந்து, திண்ணையும் தாழ்வாரமுமா முகப்புகளை மீட்டாங்க. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைச்சது. வீட்டுக்காரருக்கும் அதில் லாபம், தெருவுக்கும் அழகு.

மில் அப்படி இல்லை. அதுக்கு முகப்பே கிடையாது. ரம்பப் பல் மாதிரி கூரை போட்ட நீளமான ஷெட்டு இருக்கும். நேர் வெயில் விழாம, வடக்கு வெளிச்சம் மட்டும் தறி மேல விழணும்னுதான் கூரையை அப்படி அமைப்பாங்க. அப்புறம் ஒரு புகைபோக்கி, ஒரு கேட்டு. அதைச் சுத்தி ஏக்கர் கணக்கில் நிலம். அந்த நிலத்தோட விலையில்தான் தகராறே ஆரம்பிக்குது.

மும்பையில் என்ன நடந்ததுன்னு பாருங்க. அங்கே மில் நிலம் சுமார் 600 ஏக்கர், பெரும்பகுதி தனியார் கையில். மில்லை வேற வேலைக்கு மாத்தினா மூணில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதிதான் முதலாளிக்குன்னு 1991-ல் விதி போட்டாங்க. 2001-ல் அதைத் திருத்தி, ஏற்கெனவே காலியா இருக்கிற நிலத்தை மட்டும் பங்கு போட்டா போதும்னாங்க. ஊருக்கு வரவேண்டிய பங்கு சுருங்கிப்போச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2006-ல் அந்தத் திருத்தம் செல்லும்னு தீர்ப்பு வந்தது. இன்னைக்கு ஃபீனிக்ஸ் மில் புகைபோக்கி ஒரு மாலுக்கு நடுவில் நிக்குது.

சென்னை பெரம்பூர் பின்னி மில்லும் தனியார் சொத்துதான். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்த மில் ஆட்களை வச்சுத்தான். 1996-ல் மூடினாங்க. கொஞ்ச காலம் சினிமா ஷூட்டிங் நடந்தது, அப்புறம் அடுக்குமாடி வந்தது. நிலம் கைமாறின பிறகு, "இடிக்காதே"ன்னு சொல்றவனைப் பார்த்து, "நான் கொடுத்த காசுக்கு யார் பதில் சொல்வது?"ன்னு உரிமையாளர் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு வசதி இருக்கு. மூணு மில்லும் இப்போ அரசு நிறுவனங்கள் கையில் இருக்கு. தானே புயலில் பெரிய அடி வாங்கின ஏ.எஃப்.டி.யை 2020-ல் மூடினாங்க. அரசு கையில் இருந்தா பத்திரம்னு அர்த்தம் இல்லை. 2014-ல் மேரி கட்டடம் இடிஞ்சு விழுந்தப்ப அதுவும் அரசுக் கட்டடம்தான். பிறகு புதுசாக் கட்டி, 2021-ல் திறந்தோம்.

அதனால நான் கேட்கிறது கொஞ்சம்தான். நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ போறதுக்கு முன்னாடியே, எந்தக் கேட்டு, எந்த ஷெட்டு, எந்தப் புகைபோக்கி நிக்கணும்னு முடிவு பண்ணி பத்திரத்தில் எழுதிடணும். வாங்குறவர் அதைத் தெரிஞ்சு விலை பேசுவார். நிக்கிற பகுதிக்கு ஈடா வேற இடத்தில் கூடுதலாக் கட்டுற உரிமை கொடுக்கலாம், மும்பையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கு அப்படிக் கொடுக்கிறாங்க. தொழிலாளி பாக்கியைக் கொடுக்கத்தான் நிலத்தை விற்கிறோம்னு சொன்னா, அதை நான் எதிர்க்க மாட்டேன். பாக்கி முதல்ல. ஆனா அந்த ஆள் முப்பது வருஷம் நுழைஞ்ச கேட்டையும் சேர்த்து விற்க வேண்டியதில்லை.

சுதேசி மில் பக்கத்தில் இன்னைக்கும் கட்சிகள் ஆர்ப்பாட்டம் நடத்துறாங்க. பஸ்ஸில் போறவங்க ஒரு தடவை அந்த மதிலைத் திரும்பிப் பாருங்க. அடுத்த எபிசோடில் பழைய துறைமுகக் கிடங்குகள்.