மூளையின் காவலும் ஒரு மரபணுப் பிழையும்



உதட்டில் கொப்புளம் எழுப்பும் ஹெர்பிஸ் நச்சுயிரி நம்மில் பெரும்பாலோர் உடலில் குடியிருக்கிறது. மிகச் சிலருக்கே அது மூளையை எட்டி உயிரைப் பறிக்கிறது. இதனை விதி என்பதும் தாயைப் பழிப்பதும் நம்மிடையே வழக்கம். 2007-இல் பாரிசில் கசனோவா குழுவினர், இந்நோயுற்ற, ஒருவருக்கொருவர் உறவற்ற இரு பிரெஞ்சுக் குழந்தைகளிடம், டி.எல்.ஆர்.3 என்னும் மரபணுவில் ஒரே பிழையைக் கண்டனர். அம்மரபணு ஆக்கும் புரதம் ஒரு காவற்காரன். நச்சுயிரி புகுந்ததை அது உணர்த்தினால் தற்காப்புப் பொருளாகிய இன்டர்ஃபெரான் சுரக்கும். பிற நச்சுயிரிகளையோ அக்குழந்தைகள் நன்றாகவே எதிர்த்தனர்! அதே பிழையைத் தாங்கிய உறவினர் நோயின்றியும் வாழ்ந்தனர். ஆகவே, பிறப்பைக் காட்டி எவரையும் குறையுடையார் என ஒதுக்க இவ்வறிவியல் இடந்தராது.

காய்ச்சலோடு வலிப்பும் மயக்கமும் கண்டால் வேப்பிலையோடு நில்லாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோம். அசைக்ளோவிர் மருந்தைத் தொடக்கத்திலேயே செலுத்தினால் பல உயிர்கள் பிழைக்கின்றன.