தம்பிரான் தோழர்



இறைவனோடு நெருங்கி உறவாடுவது பற்றிப் பேசப் பணித்தீர்கள். சுந்தரமூர்த்தி நாயனார் வாழ்வின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அப்பரை அடிமை நெறிக்கும் சம்பந்தரை மகன்மை நெறிக்கும் மணிவாசகரை ஞான நெறிக்கும் சான்றாக வைக்கும் சைவ மரபு, தோழமை நெறிக்குச் சுந்தரரை வைக்கிறது. ‘தம்பிரான் தோழர்’ என்றே அவருக்குப் பெயர்.

அந்த உறவு வழக்கில் தொடங்கியது. மணப்பந்தலில் முதியவராக வந்து, இவன் என் அடிமை என்று ஓலை நீட்டிய இறைவனைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். அந்த ஏச்சையே முதற்பாட்டின் தொடக்கமாக்கிப் பாடச் சொன்னார் இறைவன். அதன்பின் சுந்தரர் எதையும் ஒளிக்கவில்லை. பொன் வேண்டும் என்றார். குண்டையூரில் கிடைத்த நெல்லைத் திருவாரூர் கொண்டுசெல்ல ஆள் வேண்டும் என்றார். இவையெல்லாம் சலுகைகளாகவே தோன்றும். தோழமையின் முழு உருவம் திருவொற்றியூரில்தான் தெரிகிறது.

அங்கே சங்கிலியாரை மணக்க விரும்பினார். பிரியமாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும். இறைவனிடமே போய், நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் இரும் என்று கேட்டுக்கொண்டார். இறைவனும் இசைந்தார். ஆனால் சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின் கீழேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார். இன்றும் மாசிப் பெருவிழாவில் ஒற்றியூரில் மகிழடி சேவை நடக்கிறது. தோழன் கேட்டதைக் கொடுத்த அதே கை, ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு வெறும் சொல்லாகிவிடாமலும் காத்தது. இதைச் சேக்கிழார் மறைக்காமல் எழுதினாரே, அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தென்றல் வந்தது. ஆரூர் நினைவு வந்தது. சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரு கண்ணும் போயின.

இங்கே உறவு முறிந்திருக்கலாம். நம்மில் பலருக்கு அப்படித்தான் முறிகிறது: கேட்டது கிடைக்கவில்லை, கோயிலுக்குப் போவது நின்றுவிடுகிறது. சுந்தரர் தடுமாறி நடந்து திருவெண்பாக்கம் சேர்ந்தார். கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறோம், நீர் போகலாம் என்று ஓர் அயலாருக்குச் சொல்வதுபோல் பதில் வந்தது. கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது.   சுந்தரர் அந்தப் பதிலையும் பதிகமாகப் பாடினார். பாராமுகத்தைப் பாராமுகம் என்றே இறைவனிடம் சொல்ல முடிந்ததே, அதைத்தான் நான் நெருக்கம் என்கிறேன். பூசை வேளையில் நாம் நல்ல வார்த்தைகளைத் தேடி அடுக்குகிறோம். கோபத்தையும் ஏமாற்றத்தையும் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போகிறோம். உண்மையில் நம்மிடம் இருப்பவை அவைதாம்.

காஞ்சியில் இடக்கண் திரும்பியது. வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. அங்கே, சங்கிலியாரை மணந்ததால் சினந்த மனைவி பரவையார் கதவடைத்தார். நள்ளிரவில் இறைவனே தூது போனார். மறுக்கப்பட்டுத் திரும்பி, மறுபடியும் போனார்.

இதைக் கேட்டுக் கொதித்தவர் ஏயர்கோன் கலிக்காமர் என்னும் அடியார். ஆண்டவனை ஒரு பெண்ணிடம் தூது அனுப்புவதா என்ற அவர் கோபமும் பக்திதான். அவருக்குச் சூலைநோய் வந்தது. சுந்தரர் வந்தால் தீரும் என்றார் இறைவன். அவரால் குணமாவதைவிடச் சாவதே மேல் என்று கலிக்காமர் உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். வந்து பார்த்த சுந்தரரும் அதே வாளை எடுத்தார். இறைவன் அருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தன்னோடு நெருங்கிய ஒருவனை, அந்த நெருக்கத்தையே வெறுத்தவரிடம் இறைவன் அனுப்பிவைத்திருக்கிறார். பிறகு இருவரும் சேர்ந்து திருப்புன்கூருக்கு வழிபடப் போனார்கள்.